தோட்டாக்கள் புதைந்து கிடந்த ஊர்: தங்கச்சிமடம், ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஜூன் 25. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை ஒட்டிய அந்தோணியார்புரத்தில், ஒரு வீட்டில் கழிவறைத் தொட்டிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சில அடி இறங்கியதும் பெட்டி தட்டுப்பட்டது. திறந்தால் தோட்டாக்கள். போலீஸ் வந்து மேலும் தோண்டத் தோண்டப் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. ஆயிரக்கணக்கில் துப்பாக்கித் தோட்டாக்கள், கூடவே வெடிபொருட்கள். பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் ஈர மணலிலும் துருவேறிப் போயிருந்தன. 1980களில் இந்தக் கரையில் தங்கியிருந்த ஈழப் போராளிக் குழுக்களில் ஒன்று புதைத்துவிட்டுப் போனவை என்று போலீஸார் சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணின் மேல் குடித்தனம் நடந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சிகளில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இன்னும் எங்கெல்லாம் புதைந்து கிடக்கிறது? காவல்துறைக்கு அது அவசியமான கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆயுதம் காலடியில் கிடந்தது. ஆத்திரமும் அந்த ஊரில் குறைவாக இல்லை. பிறகு ஏன் இங்கே ஒரு பயங்கரவாதம் வேர்விட்டு நிலைக்கவில்லை?

ஆத்திரம் என்று நான் சொல்வது ஊகமில்லை. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம், ஹெராயின் கடத்தியதாகச் சொல்லி ஐந்து தமிழக மீனவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஐவரும் தங்கச்சிமடத்துக்காரர்கள். செய்தி வந்த அன்றே தீவு கொதித்தது. பேருந்துக்குத் தீ வைத்தார்கள், தண்டவாளத்தைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த மாதமே இலங்கை ஜனாதிபதியின் மன்னிப்பில் ஐவரும் ஊர் திரும்பினார்கள். 2017 மார்ச்சில் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த தங்கச்சிமடம் இளைஞர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். வயது 21. சுட்டது இலங்கைக் கடற்படை என்றார்கள் உடன் இருந்த மீனவர்கள், இலங்கை மறுத்தது. உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. பெண்கள் கைக்குழந்தைகளோடு நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். மத்திய அமைச்சர்கள் தலையிட்ட பிறகுதான் பந்தல் பிரிந்தது.

அந்தப் பந்தல் போட்டிருந்த இதே ஊரில்தான் பெட்டிகள் புதைந்திருந்தன. அது அப்போது யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்திருந்தாலும் அந்த மக்கள் தோண்டியிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

ஒரு குண்டுக்கும் பல ஆண்டுக் குண்டுகளுக்கும் இடையில்

ஒரு குண்டு வெடிக்க நான்கு பேர் போதும். 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் அடுத்தடுத்து வெடித்தவை 58 உயிர்களை எடுத்தன. அந்தச் சாவுகளின் கனத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து நடக்கும் பயங்கரவாதத்துக்கு நான்கு பேர் போதாது. பிடிபட்டவனின் இடத்துக்கு அடுத்தவன் வர வேண்டும். பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். ராத்திரி கதவு தட்டினால் திறக்கிற வீடுகள் வேண்டும், மறுநாள் போலீஸ் கேட்டால் தெரியாது என்று சொல்கிற தெருக்கள் வேண்டும். அந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் எந்த இயக்கமும் நீடித்ததில்லை.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1968 முதல் 2006 வரை உலகெங்கும் இயங்கிய 648 குழுக்களை எடுத்துக்கொண்டு, முடிந்துபோனவை எப்படி முடிந்தன என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 43 குழுக்கள் அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 குழுக்களைப் போலீஸும் உளவுத்துறையும் முடித்தன. பத்து, தங்கள் நோக்கத்தை அடைந்து நின்றன. ராணுவ பலத்தால் முடிந்தவை வெறும் 7. நமக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணமான விடுதலைப் புலிகள் 2009 மே மாதம் அந்த அரிதான வழியில் முடிந்தார்கள். முள்ளிவாய்க்காலில் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை இன்னும் எண்ணி முடியவில்லை. பெரும்பாலான இயக்கங்களை முடித்துவைத்தது தேர்தலும் காவல் நிலையமும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கரைக்குத் திரும்புவோம்.

எல்லாம் இருந்த எட்டு ஆண்டுகள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து வள்ளங்களில் மக்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். 1987 வரையிலான முதல் அலையில் மட்டும் 1,30,000 பேருக்கு மேல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அகதிகளோடு இயக்கப் பையன்களும் வந்தார்கள். அவர்கள் ஒளிந்து வாழவில்லை. இந்திய அரசே பல குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டில் சேலம் கொளத்தூர், திண்டுக்கல் சிறுமலை என்று முகாம்கள் நடந்தன. ராமநாதபுரம் கரை அவர்களுக்கு வாசல். ஆள் வரவும் ஆள் போகவும், காயம்பட்டவரைக் கொண்டுவரவும், டீசலும் மருந்தும் ஏற்றிப் போகவும் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் போன்ற ஊர்கள் பயன்பட்டன.

இந்தக் கரையின் மீனவர் குடும்பங்கள் அன்று செய்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. உறவும் பேச்சும் ஒன்றான மக்கள், எரிந்த வீட்டை விட்டுவிட்டு உயிரோடு வந்து நின்றார்கள். இவர்கள் சோறு போட்டார்கள். கடலுக்கு இரண்டு பக்கமும் கொண்டான் கொடுத்தான் இருந்த ஊர்கள் உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறித் தலைமன்னார் போவது அன்றாடம்.

ஆக, ஆயுதம் இருந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் இருந்தார்கள். கடல் வழி இருந்தது. கதவைத் திறக்கிற வீடுகளும் வாய் திறக்காத தெருக்களும் இருந்தன. பயங்கரவாதம் நிலைப்பதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் இருந்தும், இந்தக் கரையின் சொந்தப் பிள்ளைகள் இந்த அரசுக்கு எதிராக ஆயுதம் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் அப்படி முயன்றவர்கள் இருந்தார்கள். தமிழ்நாடு விடுதலைப் படையின் தமிழரசன் 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் ஊர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டதாகப் பதிவானது. அந்த இயக்கம் ஒருபோதும் பெரிதாகவில்லை.

விடையைத் தேட இரண்டு கரைகளின் அரசியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் மொழிதான் தொடக்கம். இங்கே 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ரத்தம் சிந்தியது, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் இரண்டே ஆண்டில், 1967இல், அந்தப் போராட்டத்தின் பக்கம் நின்ற கட்சி கோட்டையில் போய் உட்கார்ந்தது. பிரிவினைக் கோரிக்கையை அது அதற்கு முன்பே, 1963இல், கைவிட்டிருந்தது. அக்கரையில் 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தரப்படுத்தல், அதாவது தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தாக வேண்டிய முறை. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக நாடாளுமன்றம் போனது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது. 1983இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தபோது, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். வாக்குச் சீட்டில் வென்றவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகு, துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு ஊரின் ஒவ்வொரு கதவும் திறந்தது.

இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். பயங்கரவாதம் நிலைக்குமா என்பதை ஆயுதக் கிடங்கு தீர்மானிப்பதில்லை, அடைக்கலம் தீர்மானிக்கிறது. அடைக்கலம் கொடுப்பதா என்று மக்கள் முடிவெடுப்பது, தங்கள் குறையைக் கேட்க வேறு வாசல் ஏதும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். தங்கச்சிமடத்துப் பந்தலுக்கு அமைச்சர் வந்தார். அந்த மக்களுக்கு முழு நியாயம் கிடைத்ததாக நான் சொல்ல மாட்டேன். மீனவர் கைதும் படகுப் பறிமுதலும் இன்று வரை நிற்கவில்லை. ஆனாலும் சாலையில் உட்கார்ந்தால் யாராவது வந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே செத்துப்போகவில்லை.

கதவு மூடியது

இயக்கங்களுக்கு இருந்த அனுதாபம் ஒரே நாளில் கரையவில்லை. 1982 மே மாதமே பாண்டி பஜாரில் இரண்டு தலைவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதைச் சென்னை பார்த்தது. 1986 நவம்பர் 1, தீபாவளி அன்று சூளைமேட்டில் ஈழக் குழுவினர் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் செத்தார். விருந்தாளியின் துப்பாக்கி வீட்டுக்காரனைச் சுட்ட முதல் சந்தர்ப்பம் என்று அதைச் சொல்லலாம். அதே மாதம் மாநிலக் காவல்துறை முகாம்களில் புகுந்து ஆயுதங்களை அள்ளியது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈபிஆர்எல்எஃப் என்ற ஈழ இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் புலிகளால் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் கடல் வழியாகத் தப்பினார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்.

ராஜீவ் காந்தியைக் கொன்ற குழு வந்து இறங்கியது கோடியக்கரைப் பக்கம். ஆனால் மறுநாள் காலை சந்தேகம் தமிழகக் கடற்கரை முழுவதற்கும் வந்துவிட்டது. மக்கள் கதவை மூடினார்கள். பயத்தால் மட்டுமல்ல, மனம் வெறுத்தும் மூடினார்கள். அடுத்து நடந்த தேர்தலில், புலிகளிடம் மென்மையாக நடந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட திமுக சட்டமன்றத்தில் இரண்டே இடங்களை வென்றது அந்த வெறுப்பின் அளவு. 1992 மே மாதம் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டபோது, ஊர்களில் அதற்கு எதிராகப் பெரிய கொந்தளிப்பு எழவில்லை. தடை உத்தரவு வருவதற்கு ஓராண்டு முன்பே தெருக்கள் தங்கள் தடையைப் போட்டுவிட்டன.

விலையைக் கொடுத்தவர்கள்

பயங்கரவாதம் நிலைக்காமல் போன இடத்திலும் அதன் சமூக விளைவுகள் நிலைத்துவிட்டன. ஆய்வாளர்கள் பலர் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதல் அடி அகதிகள் மேல் விழுந்தது. கொலைக்கும் மண்டபம் முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் 1991க்குப் பிறகு முகாம் பிள்ளைகளின் உயர்கல்வி வாய்ப்பு சுருங்கியது. உதவ வந்த தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைய முடியாமல் போனது. 1992 முதல் 1995க்குள் 50,000க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்து, அதைச் சரிபார்க்க ஐநா அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்கள் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் சிறப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெயர்தான் முகாம், பூட்டு வெளிப்பக்கம். வெளியே வீடு எடுத்துத் தங்கியிருந்த இலங்கைத் தமிழருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது கடினமானது. போலீஸ் நிலையத்தில் பதிவு, மாலை ஆஜர், கணக்கெடுப்பு என்று வாழ்க்கையே கையெழுத்தாகிப்போனது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு அகதி முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்காத நிலையில், அந்த மாற்றம் பாதி வழியில் நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

இரண்டாவது அடி மீனவர் மேல். 1990இல் இந்தியக் கடற்படை பாக் நீரிணையில் ஆபரேஷன் தாஷா என்ற பெயரில் ரோந்தைத் தொடங்கியது. தமிழகக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவின் கண் ஒவ்வொரு டீசல் கேன் மேலும் விழுந்தது. இலங்கை அரசு தன் வடக்கு மாகாணத்துக்கு எரிபொருள், மின்கலம், சோப்பு என்று பலவற்றையும் தடுத்து வைத்திருந்த காலத்தில், வீட்டுச் சாமான்கூடக் கடத்தல் பொருளாகிவிட்டது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதன் பிறகு அடையாள அட்டை, படகு எண், வண்ணம், புதிய கடலோரக் காவல் நிலையங்கள் எல்லாம் வந்தன. அவற்றில் பல தேவையானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் டோக்கன் வாங்கி, அட்டையைக் காட்டி, இந்தியக் கடற்படைக்கு ஒரு பதில், இலங்கைக் கடற்படைக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு வலை போடப் போகிறவனின் மனதில், தன் நாட்டிலேயே தான் சந்தேகத்துக்குரியவன் என்ற எண்ணம் படிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் 80களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. எந்தச் சொல் எந்த வழக்கில் போய்ச் சேருமோ என்ற பழைய பயம்.

மூன்றாவது, சட்டம். முதலில் 1985இல் வந்து, 1987இல் மறுபடி இயற்றப்பட்டு, 1995இல் காலாவதியான தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நாடு முழுவதும் 76,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ராஜீவ் வழக்கிலேயே 1998இல் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது விசாரணை நீதிமன்றம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வழக்குக்குத் தடா பொருந்தாது என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. அதுவரை அவர்கள் சிறையில் கழித்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால்

ராமநாதபுரம் மாவட்டத்தில் நீடித்த வன்முறை எது என்று என்னைக் கேட்டால், கடலைக் காட்ட மாட்டேன். கரையிலிருந்து உள்ளே போகச் சொல்வேன். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. சில நாட்களில் கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. அந்த நெருப்பு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் முழுதாக அணையவில்லை. 2011இல் அதே செப்டம்பர் 11 நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் மறுபடி உயிர்கள் போயின. செப்டம்பர் 11, தேவர் குருபூசை நாளான அக்டோபர் 30 ஆகிய இரண்டு நாட்களையும் ஒட்டி ஆண்டுதோறும் மாவட்டமே 144 தடை உத்தரவுக்குள் போகிறது.

இதை யாரும் பயங்கரவாதம் என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் நான் முதலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். கொன்றவனை மறைக்க வீடு இருக்கிறது. வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட ஆள் இருக்கிறது. சாட்சி பிறழ்கிறது. பிடிபட்டவன் இடத்துக்கு அவன் தம்பி வருகிறான். ஈழ இயக்கங்கள் இந்த மண்ணில் எட்டு ஆண்டுகளில் இழந்த அடைக்கலத்தைச் சாதிக் கொலை தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறது. இந்த மாவட்டத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரேடார் நிலையங்களோடு பேச்சை முடித்துக்கொள்வது எனக்குப் புரியவில்லை.

இன்று

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே இந்தக் கரையிலும் சோதனை இறுகியது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற முஸ்லிம் ஊர்களின் இளைஞர்கள் மறுபடி ஒருமுறை தங்கள் பெயருக்காகவே விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சாதியும் எல்லா மதமும் போய்வரும் மாவட்டம் இது.

அந்தத் தாக்குதலில் நாம் கற்க வேண்டியது இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காத்தான்குடியில் இருக்கிறது. தாக்கிய குழுவுக்குத் தலைவனாக இருந்தவனின் சொந்த ஊர் அது. அவனுடைய வெறிப் பேச்சைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்கள்தான் தாக்குதலுக்கு முன்பே அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். 2017இல் நடந்த மோதலுக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் அவன் தலைமறைவானான். மக்கள் அடைக்கலம் மறுத்துவிட்டார்கள். அரசு அந்தக் குரலுக்குச் சரியாகக் காது கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உளவு எச்சரிக்கையும் வீணானது. மக்கள் தங்கள் கதவை மூடினால் மட்டும் போதாது, அவர்கள் தட்டும்போது காவல் நிலையத்தின் கதவு திறக்க வேண்டும்.

இப்போதைக்கு ராமநாதபுரம் கரையில் நீடித்த பயங்கரவாதம் உருவாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே என் மதிப்பீடு. இங்கே ஓடும் சட்டவிரோதப் போக்குவரத்து பணத்துக்கானது. கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், கஞ்சா அங்கே போகின்றன. தங்கம் இங்கே வருகிறது. 2023இல் மண்டபம் பக்கம் கடலில் வீசிய தங்கத்தை முக்குளிப்பவர்களை வைத்து எடுத்தார்கள். கடத்தல்காரனுக்குக் கூலி வேண்டும், கொள்கை வேண்டாம். ஆனால் அவன் பழக்கி வைத்திருக்கும் வழியும் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் மௌனமும் நாளை வேறொருவனுக்கு வாடகைக்குப் போகலாம். அதனால்தான் கடத்தலை வெறும் சுங்க விவகாரமாக விடக் கூடாது. அதே நேரம், கடத்தல் வழக்கில் மாட்டிய கூலிப் பையனைப் பயங்கரவாதி என்று எழுதி வைப்பது, 1990களில் செய்த தவறைத் திரும்பச் செய்வது.

என் மதிப்பீட்டை மாற்றக்கூடியவை மூன்று. மீனவன் சாவுக்கு இனி யாரும் வந்து பேச மாட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டும் நாள். ஒரு மதத்தார் ஊரைப் போலீஸ் மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நாள். முகாமில் பிறந்த மூன்றாம் தலைமுறை, தனக்கு எந்த நாட்டிலும் வாக்கு இல்லை என்பதைக் கோபத்தோடு உணரும் நாள். மூன்றாவது மிக அருகில் இருக்கிறது, சரிசெய்வதற்கும் அதுவே மிக எளிது.

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது மறுபடி குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கின. முதலில் வந்தவர்கள் மேல் கடவுச்சீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள், கைக்குழந்தை வைத்திருந்தவர்களையும் சேர்த்து. பிறகு அரசு தலையிட்டு மண்டபம் முகாமில் தங்க வைத்தது. கடலோரக் காவல் நிலையம் ஒவ்வொன்றுக்கும் இதில் எழுத்துபூர்வமான நடைமுறை வேண்டும்: பசித்து வந்தவரை முதல் நாளே முகாமில் சேர்த்துப் பதிவு செய்வது, விசாரணையை அங்கே வைத்துக்கொள்வது. குடியுரிமைக்கு மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.